பயிற்சி என்கிறார்கள், பாடம் எங்கே?

திண்டுக்கல்லைச் சுற்றி வேடசந்தூர், வடமதுரை, நிலக்கோட்டை என்று எந்த ரோட்டில் போனாலும் நூற்பாலைகள் நிற்கின்றன. மழை பொய்த்து, கிணறு வற்றி, காட்டு வேலை நின்றுபோன வருஷத்தில் நம் கிராமங்களுக்கு முதலில் வருகிறவர் சர்க்கார் அதிகாரி அல்ல; ஆலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டுதான். “பயிற்சியுடன் வேலை. சாப்பாடும் தங்கும் இடமும் இலவசம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்” என்பது அவர் சொல்லும் மந்திரம்.

இந்த மந்திரத்தில் உள்ள ஒரே ஒரு சொல்லைப் பற்றி இங்கே பேசுவோம். ‘பயிற்சி’ என்ற சொல். அந்தச் சொல் ஒட்டப்பட்டதும் கூலி ‘உதவித்தொகை’ ஆகிவிடுகிறது. பி.எப். இல்லாமல் போகிறது. நிரந்தரம் என்ற பேச்சே எழுவதில்லை. பக்கத்து மிஷினில் நிற்கும் தொழிலாளி செய்யும் அதே வேலையை, அதே ஷிப்டில், அதே வேகத்தில் செய்யும் பெண்ணுக்கு மட்டும் தொழிலாளி என்ற பெயர் இல்லை. ஒரு சொல்லுக்கு இவ்வளவு சக்தி இருக்கிறதென்றால், அந்தச் சொல்லைச் சோதித்துப் பார்க்காமல் விடலாமா?

தொழில் கற்பது தப்பில்லை

தொழில் கற்றுக்கொள்வதை நாம் எதிர்க்கவில்லை. எந்தத் தொழிலாளியும் எதிர்க்க மாட்டான். கற்ற தொழில்தான் அவனுடைய சொத்து.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமைக்குச் சொந்தக்காரர் யார்? பட்டறையில் அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்த கைகள். புதிதாகச் சேர்ந்த பையன் முதலில் ராவுவான். பிறகு சாவி வெட்டுவான். கடைசியில்தான் பூட்டின் உள்வேலைக்கு வருவான். மாங்காய்ப் பூட்டைத் தனியாகச் செய்து முடிக்கும் நாளில் அவன் தொழிலாளி. அந்தப் பட்டறைகளில் அடியும் திட்டும் அரைக்கூலியும் இருந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று இருந்தது: பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க ஓர் ஆள் இருந்தான். கற்று முடித்தவன் கையில் ஒரு தொழில் இருந்தது.

ஆலையில் நடப்பது என்ன? ரிங் பிரேமில் அறுந்த இழையை ஒட்டவோ, நிறைந்த பாபினைக் கழற்றி மாற்றவோ ஒரு பெண் எத்தனை காலத்தில் கற்றுக்கொள்கிறாள்? ஆலைத் தொழிலாளிக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரியும். சில வாரங்கள். கை ஓட்டம் வர இன்னும் சில மாதங்கள். அதற்கு மேல் என்ன பயிற்சி? இரண்டாம் வருஷமும் மூன்றாம் வருஷமும் அவள் அதே பக்கத்தில் நடந்து அதே இழையை ஒட்டுகிறாள். 40-ம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட 40 சிட்டம் என்று அவளுக்கு யாராவது சொன்னதுண்டா? டிராவலர் தேய்ந்தால் இழை ஏன் அறுகிறது, காற்றில் ஈரம் குறைந்தால் என்ன ஆகும் என்று விளக்கியதுண்டா? புளோரூமிலிருந்து கோன் வைண்டிங் வரை எல்லாப் பகுதிகளையும் சுற்றிக் காட்டியதுண்டா? இல்லையென்றால் அது பயிற்சி அல்ல. மலிவான உழைப்பு, அதற்கு மேல் போர்த்திய போர்வைதான் ‘பயிற்சி’.

சட்டம் என்ன சொல்கிறது?

அப்ரண்டிஸ் சட்டம் 1961-ல் வந்தது. இது முதலாளிகளை விரோதித்துக்கொண்டு எழுதிய சட்டமல்ல. பதிவான அப்ரண்டிஸ் ‘பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல’ என்று அதன் 18-வது பிரிவே சொல்கிறது. அவ்வளவு பெரிய சலுகையைக் கொடுத்த சட்டம், பதிலுக்கு முதலாளியிடம் சில கடமைகளையும் கேட்கிறது.

எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். அது பதிவாக வேண்டும். சட்டப்படி பயிற்சி கொடுக்க வேண்டும். அதைக் கவனிக்கத் தகுதி பெற்ற ஒருவரைப் பொறுப்பாக வைக்க வேண்டும். பயிற்சி எவ்வளவு முன்னேறியது என்று பதிவேடு வைக்க வேண்டும். அப்ரண்டிசைப் பீஸ் ரேட்டுக்கு வேலை வாங்கக்கூடாது. உற்பத்தி போனஸ், இன்சென்டிவ் திட்டங்களில் சேரும்படி நிர்ப்பந்திக்கக்கூடாது. அதற்கென்று உள்ள அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் கூடாது. வேலையில் காயம் பட்டால் நஷ்ட ஈடு முதலாளி பொறுப்பு.

எவ்வளவு தெளிவான ஷரத்துகள்! ‘பயிற்சியில்’ இருக்கும் ஒரு பெண்ணிடம் “இன்றைக்கு எத்தனை கிலோ?” என்று சூபர்வைசர் கேட்கிறார் என்றால், அந்தக் கேள்வியே பயிற்சி என்ற பேச்சைப் பொய்யாக்கிவிடுகிறது. கற்றுக்கொள்கிறவளிடம் கேட்க வேண்டியது, “இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டாய்?” என்பது அல்லவா?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ உள்ள ஸ்தாபனம் மொத்த ஆட்களில் 2.5 சதவிகிதம் முதல் 15 சதவிகிதம் வரை அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும். 400 பேர் வேலை செய்யும் ஆலையில் 60 பேர் என்பது உச்ச வரம்பு. ஓர் ஆலையின் ஷிப்டு பாதிக்குப் பாதி ‘பயிற்சியாளர்களை’ வைத்து ஓடுகிறதென்றால் அங்கே யார் யாருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்?

சுமங்கலியிலிருந்து சட்டத் தொகுப்பு வரை

முதலாளிகள் இந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி.

1981-ல் தமிழக சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்றது அது. இதிலிருந்து தப்பிக்க வழி தேடியவர்களுக்குக் கிடைத்த சொல்தான் ‘அப்ரண்டிஸ்’. பிறகு வந்தது சுமங்கலித் திட்டம். பருவ வயதுப் பெண்களை மூன்று வருஷம் ஆலை விடுதியில் வைத்து வேலை வாங்குவது. முடிவில் 30,000, 50,000 என்று கல்யாணச் செலவுக்கு மொத்தமாகக் கொடுப்பதாகச் சொல்வது. அவளுடைய சொந்தக் கூலியைப் பிடித்து வைத்து, சீதனம் என்று பெயர் சூட்டித் திருப்பித் தருவது! நடுவில் உடம்பு முடியாமல் ஊர் திரும்பியவர்களுக்கு அந்தப் பணமும் கிடைக்காமல் போனது ஊருக்கு ஊர் தெரிந்த கதை. போனவர்களில் பெரும்பாலோர் யார்? நிலமில்லாத விவசாயத் தொழிலாளியின் மகள். தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பெண்.

2008-ல் தமிழக சர்க்கார் பஞ்சாலைப் பயிற்சியாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை அறிவித்தது. 2011-ல் நெதர்லாந்து ஆராய்ச்சி அமைப்புகள் இந்தத் திட்டத்தைப் பற்றி அறிக்கை வெளியிட்டன. வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகள் பதில் சொல்ல வேண்டி வந்தது. அதன் பிறகு ‘சுமங்கலி’ என்ற பெயர் நோட்டீசுகளிலிருந்து மறைந்தது. விடுதி மறைந்ததா? பூட்டிய கேட் மறைந்ததா?

சட்டமும் முதலாளி பக்கமே சாய்ந்துகொண்டு வந்தது. 2014-ல் அப்ரண்டிஸ் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டத்தை மீறும் முதலாளிக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதத்தை மட்டும் வைத்தார்கள். வேலை நேரத்தை முதலாளியே தீர்மானிக்கலாம் என்று எழுதினார்கள். 2016-ல் வந்த தேசிய அப்ரண்டிஸ் திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, சர்க்கார் கொடுப்பது என்று ஆயிற்று. அது நம் வரிப்பணம். 2019 விதியில் குறைந்தபட்ச உதவித்தொகை படிப்பைப் பொறுத்து 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என்று வைத்தார்கள். 26 நாள் வேலைக்கு 5,000 என்றால் ஒரு நாளைக்கு 200 ரூபாய்கூட இல்லை.

1947-ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டம் தொழிலாளி யார் என்று சொல்லும்போது ‘அப்ரண்டிஸ் உட்பட’ என்று சேர்த்துச் சொன்னது. 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, 1961 சட்டத்தின் கீழ் வரும் அப்ரண்டிஸ் ‘நீங்கலாக’ என்று எழுதிவிட்டது. ‘உட்பட’ என்பது ‘நீங்கலாக’ ஆனது. ஒரு சொல் மாறியது. அப்ரண்டிசின் முன்னால் ஒரு கதவு அடைபட்டது. அதே சமயத்தில் இன்ஸ்பெக்டருக்கு ‘ஆய்வாளரும் வசதி செய்து தருபவரும்’ என்று புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். யாருக்கு வசதி?

ஆனால் ஒன்றைத் தோழர்கள் மறக்கக்கூடாது. 1961 சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் பதிவு செய்யாமல், வெறும் வாயால் ‘அப்ரண்டிஸ்’ என்று கூப்பிட்டால் மட்டும் அந்தச் சட்டத்தின் சலுகை முதலாளிக்குக் கிடைத்துவிடாது. பதிவு எங்கே என்று கேட்பதுதான் முதல் கேள்வி.

முதலாளிகள் சொல்வது

“புதுப் பெண்கள் இழையை வீணாக்குகிறார்கள். சோறு போடுகிறோம். இடம் கொடுக்கிறோம். நாங்கள் எடுக்காவிட்டால் வீட்டில் சும்மா இருப்பார்கள், பதினாறு வயதில் கட்டிக்கொடுத்துவிடுவார்கள்” என்பது அவர்கள் வாதம்.

கற்கும்போது கொஞ்சம் வீணாகும், உண்மை. அதற்காகத்தான் கற்கும் காலத்துக்குக் குறைந்த தொகை, சர்க்கார் மானியம் எல்லாம். அந்தக் காலம் முடிந்த பிறகும் குறைந்த தொகை ஏன் தொடர வேண்டும்? சோறு போடுவது தர்மம் அல்ல. ஆள் ஆலைக்குள்ளேயே இருந்தால் எந்த ஷிப்டுக்கும் கூப்பிடலாம் என்ற கணக்கு. சின்ன வயதில் கட்டிக்கொடுப்பது கொடுமைதான். அந்தக் கொடுமையிலிருந்து காப்பாற்றுகிறவர், அவளுக்கு முழுக் கூலி கொடுத்து, அதை அவள் பெயரிலேயே பாங்கில் போட்டுக் காப்பாற்றட்டுமே!

நாணயமாகப் பயிற்சி கொடுக்க நினைக்கும் ஆலை நிர்வாகமும் இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குச் சட்டத்தைக் கண்டு பயமில்லை. சங்கத்தைக் கண்டும் பயம் இருக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்து கற்ற பாடம்

இது நமக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. பஞ்சாலை பிறந்த இங்கிலாந்திலேயே பிறந்த வியாதி. அநாதை, ஏழைக் குழந்தைகளை ‘அப்ரண்டிஸ்’ என்று எழுதி வாங்கி ஆலை விடுதிகளில் அடைத்தார்கள். காய்ச்சல் பரவிச் சாவு பெருகியது. 1802-ல் ஒரு சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்தவரே ராபர்ட் பீல் என்ற ஆலை முதலாளி. ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ராத்திரி வேலை கூடாது. எழுதப் படிக்கக் கற்றுத்தர வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது.

நல்ல சட்டம்தான். ஆனால் செத்த எழுத்தாகவே கிடந்தது. ஏன்? சோதனை போடும் பொறுப்பு உள்ளூர்ப் பெரிய மனிதர்களிடம் விடப்பட்டது. அவர்கள் முதலாளிக்கு அண்டை வீட்டுக்காரர்கள், விருந்தாளிகள். சம்பளம் வாங்கும் இன்ஸ்பெக்டர்கள் 1833-ம் வருஷத்துச் சட்டத்தில்தான் வந்தார்கள். சூபர்வைசரை மேற்பார்ப்பவன் யார் என்ற கேள்விக்கு விடை இல்லாத சட்டம் காகிதம்தான் என்று இங்கிலாந்து அன்றைக்கே காட்டிவிட்டது.

திண்டுக்கல் காட்டிய வழி

அந்தக் கேள்விக்கு நம் ஊரே ஒரு விடையைக் கொடுத்திருக்கிறது. ரத்தம் சிந்தித்தான் கொடுத்தது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த 20 வயது தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அவருடைய சூபர்வைசர் கைதானார். பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அந்தக் கொலைக்கு நியாயம் கேட்டு நின்றது; ஆசிய அளவிலும் உலக அளவிலும் தொழிலாளர் அமைப்புகள் துணை நின்றன. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகளும் அதற்குக் கட்டுப்பட்டன. ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்று உலகம் இன்று சொல்வது அதைத்தான்.

அந்த ஒப்பந்தத்தின் உயிர்நாடி எது? ஏறக்குறைய 25 தொழிலாளிக்கு ஒருவர் வீதம், தொழிலாளிகளிலிருந்தே கண்காணிப்பாளர்கள். சீண்டல், மிரட்டல், சாதி சொல்லித் திட்டுதல் எது நடந்தாலும் முறையிடுவதற்குப் பக்கத்து மிஷினிலேயே ஓர் ஆள். முறையிட்டவரைப் பழிவாங்கக் கூடாது. இது எல்லாக் குறைக்கும் மருந்தல்ல. சில ஆலைகளுக்கு மட்டும் பொருந்தும் ஒப்பந்தம். ஆனால் ஒன்றை நிரூபித்துவிட்டது: மேலிருந்து வரும் மேற்பார்வையைவிட, பக்கத்திலிருந்து வரும் காவல் பலமானது.

ஜெர்மனியைப் பாருங்கள். அங்கும் முதலாளித்துவம்தான். ஆனால் 1969-ல் வந்த தொழிற்பயிற்சிச் சட்டம், பயிற்சியின் நோக்கத்துக்கு உதவும் வேலையை மட்டுமே பயிற்சியாளருக்குக் கொடுக்கலாம் என்கிறது. என்ன கற்றார் என்று அவர் குறித்து வைக்கும் பதிவேடு உண்டு. தொழிற்பள்ளிக்குப் போகும் நேரமும் பயிற்சியில் சேர்ந்ததே. இளந்தொழிலாளிகளும் பயிற்சியாளர்களும் தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். தொழிற்சங்கம் பலமாக இருந்ததால் வந்த ஷரத்துகள் இவை. முதலாளியின் தாராள மனத்தால் வந்தவை அல்ல.

நாம் கேட்பது என்ன?

ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவரானாலும், கிராமத்திலிருந்து வந்த பத்தாவது படித்த பெண்ணானாலும், ஆலைக்குள் கற்க வருகிற எல்லோருக்கும் பொதுவான கோரிக்கைகள் இவை:

ஒன்று: பதிவான ஒப்பந்தம் தமிழில் எழுதப்பட்டு, அதன் நகல் பயிற்சியாளர் கையிலும் பெற்றோர் கையிலும் இருக்க வேண்டும். ஆதார், சர்டிபிகேட் அசல்களை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு: இன்ன பயிற்சியாளருக்கு இன்னார் ஆசான் என்று பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். அவர் அனுபவமுள்ள தொழிலாளியாக இருக்க வேண்டும். கற்றுக்கொடுக்கும் நேரத்துக்கு அவருடைய உற்பத்திக் கணக்கில் கழிவும், தனிப்படியும் கொடுக்க வேண்டும்.

மூன்று: எந்த மாதம் எந்தப் பகுதி என்று எழுதி ஒட்ட வேண்டும். பயிற்சியாளரிடம் உற்பத்திக் கணக்குக் கேட்கக்கூடாது. ஆள் வராத மிஷினை ஓட்ட அவரை நிறுத்தக்கூடாது.

நான்கு: முதல் வாரம் பாதுகாப்புப் பாடம். ஓடும் மிஷினில் கை வைப்பது, தலைமுடியும் தாவணியும் சிக்குவது, பஞ்சுத் தூசியால் நெஞ்சு அடைப்பது எல்லாவற்றையும் செய்து காட்டிச் சொல்ல வேண்டும். முகமூடியும் தலைத்துணியும் இலவசம்.

ஐந்து: விடுதிக் கேட் சிறைக் கேட் அல்ல. வேலை நேரம் போக வெளியே போகவும், வீட்டோடு போனில் பேசவும், பெற்றோர் வந்தால் பார்க்கவும் உரிமை வேண்டும். பணம் மாதா மாதம் அவள் பாங்குக் கணக்குக்குப் போக வேண்டும்.

ஆறு: ஷிப்டுக்கு ஒரு தொழிலாளி பிரதிநிதி, அவரும் பயிற்சியாளர்களின் பிரதிநிதியும் சேர்ந்த குறைதீர்ப்புக் கமிட்டி, பெண்களுக்குப் பெண் பிரதிநிதி. குறை சொன்னதற்காக யாரையும் அனுப்பக்கூடாது.

ஏழு: பயிற்சி முடிந்த நாளில் பரீட்சையும் சர்டிபிகேட்டும். ஆலையில் இடம் இருந்தால் முதலில் அவருக்கு, முழுக் கூலியோடு. பழைய பயிற்சியாளரை அனுப்பிவிட்டு அதே இடத்துக்குப் புதுப் பயிற்சியாளரைக் கொண்டுவரும் வித்தையைத் தடுக்க வேண்டும்.

இவற்றில் ஆலையை மூடவைக்கும் கோரிக்கை எது? நாணயமான முதலாளியால் கொடுக்க முடியாதது எது?

நம்முடைய கடமை

ஆலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. “இவர்கள் வந்ததால்தான் நம் கூலி ஏறவில்லை” என்று பயிற்சிப் பெண்கள் மேல் கோபப்படுகிறவர்கள் நம்மிடையே உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் மேலும் அதே கோபம். கோபம் தப்பான வாசலைத் தட்டுகிறது. அவர்களுக்குப் பாதிக் கூலி கொடுப்பவன்தான் உங்கள் கூலியையும் பிடித்து நிறுத்துகிறான். இழையை எப்படி ஒட்டுவதென்று அந்தப் பெண்ணுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது நிர்வாகம் அல்ல. பக்கத்தில் நிற்கும் நீங்கள்தான். தொழிலைச் சொல்லிக்கொடுத்த கை உரிமையையும் சொல்லிக்கொடுக்கட்டும். சட்டத் தொகுப்பு அவளைத் தொழிலாளி அல்ல என்று சொல்லலாம். சங்கம் அப்படிச் சொல்லக்கூடாது. அடுத்த கோரிக்கைப் பட்டியலில் பயிற்சியாளர் கோரிக்கையும் ஒரு ஷரத்தாக ஏற வேண்டும்.

விவசாயத் தொழிலாளித் தோழர்களே, தாய்மார்களே! பிள்ளையை அனுப்புவதற்கு முன் ஏஜெண்டிடம் கேளுங்கள். ஆலையின் பெயர் என்ன? ஒப்பந்தம் எங்கே, பதிவு நம்பர் என்ன? கற்றுக்கொடுப்பவர் யார்? எத்தனை மாதம்? மாதா மாதம் கைக்கு எவ்வளவு? நினைத்த நாளில் வீட்டுக்கு வரலாமா? முடிந்த பிறகு வேலை உண்டா? இந்த ஏழு கேள்விக்கும் பதில் சொல்லாத ஏஜெண்டுக்கு வீட்டுத் திண்ணையில் இடம் கொடுக்காதீர்கள். ஒரு வீடு கேட்டால் ஏஜெண்டு அடுத்த வீட்டுக்குப் போவான். ஊரே கேட்டால் ஆலை பதில் சொல்லியாக வேண்டும்.

கற்க வந்தவருக்குக் கற்றுக்கொடு. வேலை வாங்கினால் கூலி கொடு. இரண்டில் ஒன்று. இரண்டும் இல்லாத மூன்றாவது வழியைத்தான் இத்தனை காலம் ‘பயிற்சி’ என்று பெயரிட்டு நடத்திவந்தார்கள். அந்த வழியை அடைக்க வேண்டியது ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் சேர்ந்துதான். ஏனென்றால் கேட்டுக்கு உள்ளே நிற்கும் பெண், ஒருவருக்குச் சக தொழிலாளி; மற்றவருக்கு மகள்.